மொர்ஜினா அளந்த மண்

வங்கதேசத்து ஃபரீத்பூரில் எங்கள் மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள் மொர்ஜினா. வயல் மண்ணைக் காயவைத்துச் சலித்து, அமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலிருக்கும் ஆர்சனிக்கைப் பிரித்து அளப்பாள். கல்யாண வீட்டில்கூட, "இன்னைக்கு என்ன சேறு சமைச்சே?" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள்.

ஒரு நாள் அவளுடைய சிற்றப்பா மொக்லேஸ் சாச்சாவின் வயல் மண்ணே வந்துவிட்டது. குழாய்க்கிணற்றுத் தண்ணீர் பாயும் வாய்மடையில் ஆர்சனிக் எக்கச்சக்கம், கடைக்கோடியில் குறைவு. செய்தி தெரிந்ததும் சாச்சா ரசகுல்லாப் பானையோடு வந்து நின்றார்.

"ஏம்மா, கொஞ்சம் குறைச்சு எழுதக்கூடாதா? ஊருக்குத் தெரிஞ்சா என் நெல்லை யாரு வாங்குவா?"

"நான் குறைச்சு எழுதினா விஷம் குறையுமா சாச்சா? அந்தச் சோத்தை நீங்கதானே திங்கப்போறீங்க!"

சாச்சா பானையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். சொந்தத்தைப் பகைத்துக்கொண்டேனே என்று மொர்ஜினா எங்களிடம் புலம்பித் தீர்த்தாள்.

மறு வாரம் அவரே மிதிவண்டியில் வந்து இறங்கினார். பின்னால் அக்கம்பக்கத்து வயல்களின் மண், பை பையாக.

"என் ஒருத்தன் வயல்லயா இருக்கும்? இதையும் அளந்து சொல்லு. வாய்மடைப் பக்கம் இனிமே நெல்லு கிடையாது, சணல்தான்."

மொர்ஜினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, மண்ணைக் காயப்போட மாடிக்கு ஏறினாள்.