டீமேக்கர் போட்ட வட்டம்

என் டீ கிளாஸை மூடி வைக்க ஒரு பீங்கான் மூடி வைத்திருக்கிறேன். வெள்ளை நிறம். ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. உள்பக்கம் எவ்வளவு தேய்த்தாலும் போகாத பழுப்பு வளையம். தேயிலை பேக்டரியில் தூளை ருசி பார்ப்பதற்கென்று கைப்பிடி வைத்த சின்னக் குடுவைகள் இருக்கும். அவற்றில் ஒன்றின் மூடி இது. குடுவை எப்போதோ உடைந்துவிட்டது. மூடி மட்டும் தப்பித்து, எங்கள் டீமேக்கரின் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு வாரம் அது வேறொரு வேலை பார்த்தது.

கேரளத்து மலையில், ஏலப்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட் பேக்டரியில் நான் அடுப்பு ஆள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அதற்குப் பிறகு வாசித்ததெல்லாம் ஆபீசிலிருந்து தீ மூட்ட வரும் பழைய பேப்பர்கள்தான், வாசித்துவிட்டுத்தான் கொளுத்துவேன். ஆட்களோடு பேச எனக்கு எப்போதும் கூச்சம். அடுப்புப் பக்கம் வெக்கையில் யாரும் அதிக நேரம் நிற்க மாட்டார்கள் என்பதாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. வேலை சொல்லும்படியாக ஒன்றுமில்லை. விறகு எரியும். தீயின் நடுவே இரும்புக் குழாய்கள் இருக்கும். ஒரு பெரிய காற்றாடி அந்தக் குழாய்களின் வழியாகக் காற்றை இழுத்து, சூடாக்கி, ட்ரையருக்குள் அனுப்பும். அங்கே நசுக்கிய கொழுந்து காய்ந்து தூளாகும். காற்று ஓடுகிற வரை அடுப்பு நம் சொல்பேச்சுக் கேட்கும்.

டீமேக்கர் என்றால் பேக்டரிக்கே பொறுப்பானவர். எங்கள் டீமேக்கர் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரர். நெல்லும் தென்னையும் வைத்திருந்த குடும்பம். திருநெல்வேலி, மதுரை வழி வந்த எங்கள் பேச்சுக்கு நடுவே அவர் பேச்சு தனியாகத் தெரியும். விறகு சுமக்கிறவரிடம்கூட "ஏனுங்க, கட்டை கொஞ்சம் ஈரமுங்களா?" என்றுதான் கேட்பார். கொழுந்து நசுக்கும் ரோலர் மிஷின் ஓட்டிய என் கூட்டாளிக்கு அது தீராத வேடிக்கை. "மிஷின் நின்னு போச்சுன்னா அதுகிட்டயும், ஏனுங்க, ஓடுறீங்களாம்பாரு" என்பான். டீமேக்கருக்கு மனைவி இல்லை. ஒரே மகள். அவள் டோக்கியோவில் இருந்தாள். ஒரு வருடம் அந்த நாட்டு மொழி படித்து முடித்துவிட்டு, அடுத்த மாதம் அங்கேயே கல்லூரியில் சேர இருந்தாள். அவள் அங்கே போனதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. கடிதத்தில் இருந்த தபால்தலையைப் பார்த்து ஆபீஸ் எழுத்தர் சொல்லித்தான் எல்லோருக்கும் தெரியும்.

ஜப்பானில் நிலம் நடுங்கிக் கடல் உள்ளே வந்ததை ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் குடியிருந்த லயத்துக் கிளப்பில் இருந்த டிவியில் பார்த்தோம். கார்களும் வீடுகளும் தண்ணீரில் சருகு போலப் போயின. மறுநாள் காலையில் அணு உலை என்று மலையாளச் செய்தியில் சொல்ல ஆரம்பித்தார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அதே பேச்சு. ரோலர்காரன் கையை விரித்துக்கொண்டு கேட்டான்: "நடுக்கம் வந்ததுமே உலை தானா நின்னுருச்சுன்னு டிவிக்காரனே சொல்லுதான். நின்ன பெறகு சூடு ஏறுதுன்னும் அவனே சொல்லுதான். நின்ன அடுப்பு எப்படிலே சூடாவும்?" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் செய்தியில் எனக்குப் புரியாதது எதுவும் இல்லை. உலகத்தில் எங்கோ நடக்கிற ஒரு பெரிய விஷயம் எனக்கு நேராகப் புரிந்தது அதுதான் முதல் தடவை. ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது.

அன்று டீமேக்கர் அடுப்புப் பக்கம் வந்தார். எப்போதும் வந்ததும் சூடு காட்டும் முள்ளைத்தான் பார்ப்பார். அன்று அதைப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, கரண்டு போச்சுன்னா நீங்க மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

"கதவத் தொறந்து கட்டைய வெளிய இழுப்பேன் சார்."

"தீயத் தணிச்சாப் போதாதுங்களா?"

"பத்தாது சார். காத்தாடி நின்னுட்டா சூடு போக வழி இல்ல. ஓடுற அடுப்பவிட நின்ன அடுப்புதான் மோசம். குழாய் செவந்துரும்."

"ஜெனரேட்டர் போட்டுட்டா?"

"காத்தாடி சுத்துனா தப்பிச்சோம்."

"அங்க ஜெனரேட்டரைக் கடல் முக்கிடுச்சாமுங்க" என்றார். பிறகு நானாக ஒரு கேள்வி கேட்டேன். மேலதிகாரி ஒருவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறேன். "அங்க கட்டைய வெளிய இழுக்க முடியாதா சார்?"

அவருக்கும் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றார். நான் கேட்டதற்காக ஒருவர் விசாரித்துச் சொல்வதாக இருந்தார். அதை நினைத்துக்கொண்டே அன்று முழுவதும் விறகு தள்ளினேன். அதற்குள் அங்கே ஒரு உலைக் கட்டடத்தின் கூரை வெடித்துப் பறந்துவிட்டது.

திங்கட்கிழமை பதிலோடு வந்தார். "முடியாதுங்களாம். அந்தக் கட்டை தானாவே சுடுமாமுங்க. தீ வெக்கவும் வேண்டாம், அணைக்கவும் முடியாது. ஆறோணும்னா வருசக் கணக்குல தண்ணிக்குள்ளயே போட்டு வெக்கோணுமாம்." அது என்ன கட்டையாக இருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். வேலமரம் நின்று எரியும். யூகலிப்டஸ் சடசடவென்று எரிந்து தீரும். ரப்பர் கட்டை புகையும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு, ஒரு முடிவும் உண்டு. முடிவில்லாத கட்டையை என் கைக்கு யாராவது கொடுத்தால் நான் என்ன செய்வேன்?

அவர் கையில் மகள் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த தேசப்படப் புத்தகம் இருந்தது. ஜன்னல் கட்டையில் அதை விரித்தார். ஜப்பான் ஒரு பக்கம் முழுக்கக் கிடந்தது. கடற்கரையில் ஓரிடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து இந்த மூடியை எடுத்து, புள்ளி நடுவில் வரும்படி கவிழ்த்து, நீலப் பேனாவால் சுற்றி ஒரு கோடு இழுத்தார். "ஆளுகளை வெளியேத்தற தூரமுங்க. மொதல்ல மூணு கிலோமீட்டர்னாங்க, பொறகு பத்துன்னாங்க, இப்ப இருபது" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். பாதி நாடு வட்டத்துக்குள் இருந்தது. ஆங்கில எழுத்து எனக்குத் திக்கித் திக்கித்தான் வரும். ஆனாலும் பெரிய எழுத்தில் இருந்த டோக்கியோவைக் கண்டுபிடித்துவிட்டேன். அது வட்டத்துக்கு உள்ளே இருந்தது.

"பாப்பா என்ன சொல்லுது சார்?"

"அங்க ஒண்ணுமில்லையாமுங்க. எல்லாரும் வேலைக்குப் போறாங்களாம். இப்பக் கெளம்புனா காலேஜ் எடம் போயிரும்ங்குது. ஒரு வருசமா அதுக்காகப் பாடுபட்ட புள்ளைங்க. வான்னு சொல்றதா, விட்டுடறதான்னு தெரியலீங்க."

அந்த வாரம் தினமும் காலையில் அவர் வந்தார். நான் முந்தின நாள் கிளப்பில் பார்த்ததைச் சொல்வேன், அவர் பேப்பரில் வாசித்ததைச் சொல்வார். இன்னொரு கட்டடம் வெடித்தது. உள்ளே கொஞ்சம் ஆட்கள் மட்டும் இருட்டில் கைவிளக்கோடு வேலை பார்க்கிறார்கள் என்றார்கள். அவர்களில் ஒருவனுக்காவது என் வயது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எந்தக் குழாய் திறக்கும், எது திறக்காது என்று கையால் தடவியே தெரிந்தவனாக இருப்பான். ரோலர்காரன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னலே, ஜப்பான்லேருந்து ஆள் வந்தானா உன்னக் கூட்டிட்டுப் போவ?" என்று சத்தம் போடுவான். எனக்கு முகம் சுட்டுவிடும். ஆனாலும் மறுநாள் டீமேக்கர் வரும் நேரத்துக்கு அடுப்பு வாசலைக் கூட்டி வைத்திருப்பேன்.

வியாழக்கிழமை டிவியில் ஹெலிகாப்டரில் கடல் தண்ணீரை அள்ளிவந்து உலை மேலே ஊற்றினார்கள். பாதி காற்றில் சிதறிப் போனது. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு அந்த நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது போல இருந்தது. குழாயால் முடியாமல் வாளியை எடுத்துவிட்டார்கள். வேறு எதுவும் கைவசம் இல்லாதவன்தான் தீயில் வாளியால் ஊற்றுவான்.

நான் அடுப்புக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் டீமேக்கர் வந்தார். தேசப்படம் ஜன்னல் கட்டையிலேயே கிடந்தது. அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

அப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. கட்டை இழுக்கும் கொக்கியைக் கீழே வைத்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரிந்த ஒன்றுதான் வாயில் வந்தது. "கட்டைய இழுக்க வழி இல்லன்னா, நான் ஆளத்தான் இழுப்பேன் சார்."

அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். ஜன்னலுக்கு வெளியே நின்று போன் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது. "நம்ம அடுப்புக்காரரே சொல்லிட்டாரு கண்ணு. கெளம்பி வந்துரு."

அவள் வந்தாள். கல்லூரியில் இடம் போய்விட்டது. டோக்கியோவில் யாரையும் வெளியேற்றவில்லை. அவளோடு மொழி படித்தவர்கள் அங்கேயே இருந்து, சேர்ந்து, படித்தும் முடித்தார்கள். அதை எழுத்தர் வந்து சொன்ன நாளில் ரோலர்காரன், "ஏலே, நீ தீயத்தான் அணைப்பன்னு நெனச்சேன். ஒரு புள்ள படிப்பையே அணச்சுட்டியே" என்றான். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். நான் அன்று சாப்பிடவில்லை. டீமேக்கர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முன்போல முள்ளைப் பார்த்தார், "கட்டை ஈரமுங்களா?" என்று கேட்டார், போனார். அதன்பின் இரண்டு வருடத்தில் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். படப் புத்தகத்தை எடுத்துக்கொண்டவர் மூடியை மறந்துவிட்டார். யாரோ குப்பையில் போடப் போனதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஏன் வைத்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. அது கண்ணில் படும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று யோசிப்பேன்.

டீமேக்கர் இறந்த மறு வருடம் அந்த முகத்தைப் பார்த்தேன். ஒரு மத்தியானம் ஜீப்பில் வந்து இறங்கி, "இங்க அடுப்புக்காரர் யாருங்க?" என்று கேட்டாள். அதே பேச்சு. பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுப்பதாகச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அந்தப் படம். புத்தகத்திலிருந்து கழன்றிருந்தது. நீல வட்டம் அப்படியே இருந்தது.

"அப்பா பெட்டியில இருந்துச்சுங்க. இந்த வட்டத்தை எதுல போட்டாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

நான் மூடியைக் கொண்டுவந்து கோட்டின் மேல் கவிழ்த்தேன். அச்சாகப் பொருந்தியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "இது இருபது கிலோமீட்டர்னா சொன்னாரு?"

"ஆமாம்மா."

தாளின் கீழே கோடு போட்டு எண்கள் எழுதியிருந்த இடத்தைக் காட்டினாள். அந்தக் கோட்டை வைத்துத்தான் படத்தில் தூரத்தை அளக்க வேண்டும் என்றாள். "இந்த மூடிக்குள்ள இருக்கறது நூத்துக் கணக்கான கிலோமீட்டருங்க. இருபதுன்னா இத்தினிதானுங்க" என்று விரல் நகத்தின் நுனியைக் காட்டினாள்.

"சாருக்கு அது தெரியாம இருந்துச்சா?"

அவள் சுவரைப் பார்த்தாள். கொழுந்து வாட்டுகிற மாடியைப் பெரிதாக்கிக் கட்டியபோது டீமேக்கர் தன் கையால் வரைந்த பிளான் அங்கே கண்ணாடிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு அங்குலத்துக்கு இத்தனை அடி என்று ஓரத்தில் குறித்து, கதவு வரைக்கும் அளந்து போட்டது. அதை நான் தினமும் பார்க்கிறேன்.

மூடியை எடுத்துவிட்டு இரண்டு பேரும் தாளின் மேல் குனிந்தோம். வட்டத்தின் நடுவில், கடற்கரையில், அவர் முதலில் வைத்த பென்சில் புள்ளி. நான் புள்ளி என்றே நினைத்திருந்தேன். அவள் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். அது புள்ளி இல்லை. கடுகு அளவுக்கு ஒரு வட்டம், அவள் நகத்தில் காட்டிய அதே அளவு. கூரான பென்சிலால், கை நடுங்காமல் போட்டது.

அவள் தாளைக் கீழே இறக்கினாள். பிறகு, "அவரு வான்னு சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பனுங்க. முகம் தெரியாத அடுப்புக்காரர்கூட எப்படிச் சண்டை போடறதுங்க?" என்றாள். "ஆனா நாலஞ்சு வருசம் உங்க மேல நல்ல கோவமுங்க."

"இப்பம்மா?"

"இப்ப அடுப்பைக் காட்டுங்க. எவ்வளவு நேரம் சூடு நிக்கும்னு பார்க்கோணும்."

அன்று தீ இல்லை. முதல் நாள் அணைத்த அடுப்பு. கதவைத் திறந்து விட்டேன். அவள் கையை உள்ளே நீட்டி, செங்கல் பக்கம் கொண்டுபோய், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். தாளை மடித்துப் பையில் வைத்தாள். மூடியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "அது உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்றாள்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, டீ குடித்துக்கொண்டிருந்தபோது போனில் புயல் செய்தி வந்தது. என் மகன் சென்னையில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறான். செய்தியில் வரைபடமும் இருந்தது. கடலில் புயல் நிற்கிற இடத்தில் சிவப்பாக ஒரு குறி. கிளாஸ் பக்கத்தில் இருந்த மூடியைத் துடைத்து அந்தக் குறி நடுவில் வரும்படி பிடித்துப் பார்த்தேன். மூடி மறைத்தது வெறும் கடலைத்தான். போனில் ஒரு வசதி உண்டு. இரண்டு விரலால் படத்தைச் சுருக்கலாம். சுருக்கினேன். கரை உள்ளே வந்தது. இன்னும் கொஞ்சம் சுருக்கினேன். பெயர் தெரியாத ஊர்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய் மறைந்தன. சென்னை மூடிக்குள் மறைந்ததும் விரலை எடுத்துவிட்டு மகனுக்குப் போன் போட்டேன்.

"அது ஆந்திரா தாண்டிப் போவுதுப்பா. இங்க நல்ல வெயில் அடிக்குது" என்றான்.

"அடிக்கட்டும். நீ கிளம்பி வா" என்றேன்.