சந்தனக்கூட்டுக்குக் காய்ச்சிய பசை

யுத்தம் நடந்த வருஷங்களில் மதுரையில் வண்ணத்தாள் கிடைக்கவில்லை. கப்பலில் வந்த சரக்கு நின்றுபோனது. எங்கள் பகுதித் தர்காவின் சந்தனக்கூட்டைத் தலைமுறையாகக் கட்டிக்கொடுத்தவர்கள் என் மாமனார் வீட்டார். மூங்கிலைச் சிம்பாகப் பிளந்து, கோபுரம்போல் அடுக்கடுக்காகக் கட்டி, மேலே தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்தால் கூடு. அதில்தான் சந்தனக் குடம் ஊர்வலமாகப் போகும். தாள் இல்லை என்று சொல்லிக் கூட்டை நிறுத்த மாமனாருக்கு மனம் வரவில்லை. தெரிந்த கடைகளிலெல்லாம் சொல்லிவைத்தார். மற்றவர்கள் வீசி எறிவதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

நாடக நோட்டீஸ், தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாள், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், வளையல் துண்டு, கிழிந்த குடைத்துணி. நோட்டீஸை மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த நீரில் தோய்த்தால் சிவப்பாகும். அவுரியில் தோய்த்தால் நீலம். எழுத்து உள்பக்கம் போகும்படி ஒட்டுவார்கள். என்றாலும் விளக்கு வைத்தபின் ஒரு ராஜபார்ட் நடிகரின் மீசை நிழலாகத் தெரிந்து, எல்லோரும் சிரித்தது நினைவிருக்கிறது. ஈயத்தாளை மடியில் போட்டு நகத்தால் நீவிச் சுருக்கம் எடுப்பது என் வேலை. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து அதிக நாள் ஆகவில்லை. ஐந்தாம் வகுப்புவரை படித்திருந்தேன். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. மாமி கூப்பிட்டால்கூட பதில் சொல்லாமல் எதிரே போய் நிற்பேன்.

கூட்டு வேலை தொடங்கியதிலிருந்து ஊர்வலம் முடியும்வரை எங்கள் வீட்டில் இறைச்சி, மீன், முட்டை, நெய், பால் எதுவும் சேர்க்க மாட்டோம். மற்ற வீடுகளில் இந்த வழக்கம் இல்லை. கவிச்சி வாடைக்கு எலி வரும், எலி தாளைக் கடிக்கும். நெய் பட்ட விரலால் தொட்ட தாளில் பசை நிற்காது. இப்படி வேலைக்காக வைத்த கட்டுப்பாடு, நாளாக ஆக நேர்ச்சைபோல ஆகிவிட்டது. அந்த நாட்களில் கேழ்வரகுக் கூழ், கொள்ளுத் துவையல், தேங்காய் போட்டுப் புரட்டிய முருங்கைக்கீரை என்று சாப்பிடுவோம். மத்தியானத்துக்குக் கஞ்சி. அரிசிக்குத் தட்டுப்பாடு என்பதால் சோள நொய்யோடு கொஞ்சம் அரிசியைச் சேர்த்து, வெந்தயமும் பூண்டும் போட்டு வேகவிட்டு, இறக்கும்போது தேங்காய்ப்பால் ஊற்றுவோம்.

கொல்லையில் இரண்டு அடுப்பு எரியும். ஒன்றில் கஞ்சி, மற்றதில் பசை. பசை புளியங்கொட்டையில் செய்வது. கொட்டையை வறுத்து, தோலை உடைத்து நீக்கி, ஊறவைத்து ஆட்டிக் காய்ச்ச வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தத்தைப் பொடித்துப் போடுவோம். மயில்துத்தம் விஷம். அதனால் பசைப்பானைக்குக் கழுத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு இருக்கும். அந்தப் பானையை வேறு எதற்கும் எடுக்க மாட்டோம்.

பஞ்சம் பிழைக்க ஊருக்குள் வந்தவர்கள் அப்போது நிறையப் பேர். மத்தியானம் கொல்லைக் கதவில் வந்து நிற்பவருக்கு ஒரு அகப்பை கஞ்சியாவது ஊற்றாமல் அனுப்பக் கூடாது என்பது மாமியின் சொல். கூடவே இன்னொன்றும் சொல்வார்.

“குடுக்கும்போது அவுக மூஞ்சியப் பாக்கக் கூடாது. ஏனத்த மட்டும் பாரு. பசியோட நிக்கிறவுகளுக்கு அதுவே பெரிய கூச்சம்.”

ஆகவே யார் வந்தாலும் நாங்கள் பாத்திரத்தைப் பார்த்து ஊற்றுவோம். முகம் யாருக்கும் தெரியாது.

ஊர்வலத்துக்கு இரண்டு மூன்று நாள் இருந்தது. மத்தியான வேளையில் பசைப்பானை அடுப்பிலேயே விரிசல்விட்டு ஒழுகத் தொடங்கியது. மாமி அவசரமாகப் பசையைச் சமையல் பானை ஒன்றில் மாற்றி, அடுப்போரமாக வைத்து, தட்டால் மூடிவிட்டுத் தொழப் போனார். கணவருடைய அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், அப்போது கிணற்றடியில் இருந்தார். அவருக்கு இது தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் வந்ததும் கொல்லைக் கதவில் ஒரு பெண்குரல் கேட்டது.

“அம்மா, கஞ்சித்தண்ணி இருந்தா ஊத்துங்கம்மா. புள்ளைக வாடுது.”

நான் திறந்திருந்த கதவுக்குப் பின்னால், உள்பக்கமாக ஈயத்தாளோடு உட்கார்ந்திருந்தேன். கதவு இடுக்கு வழியாக அவளைப் பார்த்தேன். பாம்படம் போட்டு அறுந்துபோன இடது காது. இடுப்பில் கைப்பிள்ளை. பக்கத்தில் எண்ணெய் இல்லாத தலையோடு ஒரு பெண்பிள்ளை, கையில் தகர டப்பா. அக்கா தலையைக் குனிந்தபடியே பானையைச் சாய்த்து ஊற்றினார். ஆவி பறந்தது. வழக்கத்தைவிட அதிகமாகவே ஊற்றினார். அவர் கை தாராளம்.

“நல்லா இருப்பீகம்மா,” என்று சொல்லி அவள் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் என் கணவர் பசைக்காக வந்தார்.

“பசை ஆறிருச்சா? அத்தா கத்திக்கிட்டிருக்காக.”

அக்கா சுண்ணாம்புக் கோட்டுப் பானையைத் தேடினார். அது விரிசலோடு சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. மாமி உள்ளேயிருந்து, “மூடி வச்சிருக்கேன் பாரு, அடுப்போரத்துல” என்றார். அக்கா அடுப்போரப் பானையைப் பார்த்தார். அடியில் கொஞ்சம்தான் ஒட்டியிருந்தது. பிறகு மற்ற அடுப்பில் இருந்த பானையின் மூடியைத் திறந்தார். கஞ்சி தளும்பத் தளும்ப இருந்தது.

“யா அல்லா,” என்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். “மாமி, பசையத் தூக்கி ஊத்திட்டேன் மாமி. புள்ளைக்காரிக்கு ஊத்திட்டேன்.”

மாமி ஓடி வந்தார். “யாருக்குடி? எப்பிடி இருந்தா?”

“நான் எங்க பாத்தேன்? நீங்கதான பாக்கக் கூடாதும்பீக!”

நான் எழுந்து நின்றேன். சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வாய் வரவில்லை. என் கணவர்தான் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“நீ பாத்தியா?”

தலையாட்டினேன்.

“அப்ப வா. நீ வந்தாத்தான் ஆகும்.”

மாமி தன் வெள்ளைத் துப்பட்டியை எடுத்து என் தலையில் போட்டார். சந்து முனைவரை இருவரும் சேர்ந்து ஓடினோம்; ஓடும்போதே அவளுடைய அறுந்த காதையும் பிள்ளைகளையும் அவரிடம் சொன்னேன். அங்கே ஆள் நடமாட்டம் இரண்டு பக்கமும் பிரிந்தது. பிழைக்க வந்தவர்களில் பாதிப் பேர் ரயிலடியில் கிடப்பார்கள், பாதிப் பேர் ஆற்றில்.

“காது அறுந்தவளா? நான் டேசன் பக்கம் போறேன். நீ ஆத்துக்குப் போ. கூப்புட்டுக்கிட்டே போ,” என்று சொல்லிவிட்டு அவர் ஓடிவிட்டார்.

கூப்பிட்டுக்கொண்டே போவது எப்படி? அவள் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தெருவில் நின்று சத்தம் போட்டவள் இல்லை நான். முதலில் நடந்தேன். அந்தப் பெண்பிள்ளையின் கையில் இருந்த டப்பாவை நினைத்ததும் ஓடினேன். வெற்றிலைக் கடையில் இருந்தவரிடம் போய் நின்றேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

“என்ன தாயி, மூச்சு வாங்குது?”

“கஞ்சி... கஞ்சி வாங்கிட்டு ஒரு அம்மா, ரெண்டு புள்ளையோட.”

அவர் சிரித்தார். “மருதையில பாதிப் பேரு கஞ்சி வாங்கிட்டுத்தான் போறாக. நீ எந்தக் கஞ்சிக்காரியத் தேடுற?”

“காது அறுந்திருக்கும். தகர டப்பா. அது கஞ்சி இல்லண்ணே, விசம்.”

அவர் சிரிப்பு நின்றது. எழுந்து வெளியே வந்து கையை நீட்டினார். “அந்தா, அந்தச் சந்து வழியா ஆத்துக்கு எறங்குச்சு. ஓடு தாயி, ஓடு.”

வைகையில் தண்ணீர் ஒரு ஓரமாக மட்டும் ஓடியது. மற்ற இடமெல்லாம் மணல், வெயில். பாலத்து நிழலில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் கிடந்தார்கள். அங்கேதான் எனக்குக் குரல் வந்தது. “கஞ்சி குடிக்காதீக! பாய் வீட்டுக் கஞ்சி குடிக்காதீக!” என்று கத்தினேன். அது என் குரல் என்றே எனக்குத் தோன்றவில்லை. பலர் தலை தூக்கிப் பார்த்தார்கள். ஒரு தூணுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். டப்பாவில் ஆற்றுத் தண்ணீர் விட்டு, உப்புப் போட்டு, கையால் கரைத்துக்கொண்டிருந்தாள். பெண்பிள்ளை பனையோலைப் பட்டையை விரித்துப் பிடித்திருந்தது.

நான் போய் டப்பாவைத் தட்டிவிட்டேன். எல்லாம் மணலில் கொட்டியது.

அவள் என் துப்பட்டியைப் பிடித்து இழுத்தாள். “அடிப்பாவி! குடுத்த சோத்தைத் தட்டிவிடவா இம்புட்டுத் தூரம் வந்த?”

சுற்றி ஆள் கூடிவிட்டது. “ஏம்மா, மனம் இல்லாட்டி ஊத்தாம இருக்கணும்,” என்றாள் ஒரு கிழவி. மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த வண்டிக்காரர் ஒருவர், “ஊத்திட்டு வந்து புடுங்குறதா? இது என்ன தர்மம்?” என்றார்.

“அது கஞ்சி இல்ல. தாள் ஒட்டுற பசை. மாறிப்போச்சு.”

“பசையா? என்னத்துல காச்சுன பசை?”

“புளியங்கொட்டை.”

அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. “கேட்டுக்கங்கப்பா. புளியங்கொட்டையாம். நாங்க திங்காத புளியங்கொட்டையா? ஆடியிலருந்து அதத்தான அவிச்சுத் தின்னுக்கிட்டுக் கெடக்கோம். ஒட்டுறதுக்கு வேணும்னா வேணும்னு சொல்லு, ஏன் குடிக்கக் கூடாதுங்கிற?”

அவள் மணலில் கொட்டியதை இரண்டு கையாலும் வழித்து மறுபடி டப்பாவில் போடத் தொடங்கினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அதுல மயில்துத்தம் போட்டிருக்கு. பூச்சி சாகுறதுக்கு.”

வண்டிக்காரர் முகம் மாறியது. “துத்தமா? மாட்டுப் புண்ணுக்குப் போடுவமே, அதுவா? ஏ ஆத்தா, விடு. அதத் தொடாத.”

அப்போதுதான் பட்டையைப் பிடித்திருந்த பெண்பிள்ளை அம்மாவைப் பார்க்காமல் சொன்னது: “ஆத்தா, நான் வழியில நக்கிட்டேன்.”

“எம்புட்டுடி?”

“வெரல விட்டு. ரெண்டு மூணு தடவ. பெறகு கொஞ்சம்.”

அவள் பிள்ளையை அடிக்கவில்லை. அப்படியே வாரி எடுத்தாள். ஆற்றைத் தாண்டினால் தர்ம ஆஸ்பத்திரி. வண்டிக்காரர் ஈர மாட்டைப் பூட்ட நேரமில்லை என்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தார். அவள் பின்னால். கைப்பிள்ளை என் இடுப்பில். ஆற்றின் நடுவிலேயே பெண்பிள்ளை அவர் முதுகில் வாந்தி எடுத்தது. பச்சையும் நீலமுமாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் அழுத அழுகை, அதுவரை என்னைத் திட்டியது எல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் கேட்டதற்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. நான்தான் சொன்னேன். ஒரு பானைப் பசைக்கு ஒரு கொட்டைப்பாக்கு அளவு துத்தம் என்று கையில் காட்டினேன். அந்நிய ஆண் முகத்தைப் பார்த்து அவ்வளவு நேரம் பேசியது அதுவே முதல் தடவை.

“நல்ல வேளை, நக்கினதோட போச்சு,” என்றார் அவர். “இருந்தாலும் இப்பச் சொல்ல முடியாது. சாயந்தரம்வரை பாக்கணும்.”

முட்டை வெள்ளையைப் பாலில் அடித்துப் புகட்டினார்கள். பிள்ளை குடித்துக் குடித்து வாந்தி எடுத்தது. பிறகு தாழ்வாரத்தில் ஒரு பாயில் சுருண்டு கிடந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகும். கொஞ்சம் நிற்கும். நின்றால் அது இன்னும் பயமாக இருக்கும். அவள் பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். நான் கைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கைப்பிள்ளையைக் கீழே விட முடியவில்லை.

வெயில் சாய்ந்தபோது பெண்பிள்ளை கண்ணைத் திறந்து, “ஆத்தா, பசிக்குது” என்றது.

கம்பவுண்டர் வந்து நாடியைப் பார்த்தார். கண்ணை இழுத்துப் பார்த்தார். “பொழச்சுக்கிரும். தெளிவாக் கஞ்சி கெடச்சாக் குடு.”

ஆற்றுக்குத் திரும்பிப் போன வண்டிக்காரர் சொல்லி, அதற்குள் என் கணவர் தேடி வந்துவிட்டார். தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்திருந்தார். அக்கா புதிதாக வைத்தது. நொய் இல்லாமல், வீட்டில் இருந்த அரிசியைப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சியது. வெந்தய வாசனை வந்தது. அவர் அதை அவள் முன்னால் வைத்தார்.

அவள் தொடவில்லை. பிள்ளை கை நீட்டியது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

“நீ குடி.”

என் கணவர், “ஏம்மா, இது வீட்டுல நாங்க குடிக்கிற...” என்று தொடங்கினார்.

“உங்ககிட்டச் சொல்லல. அவளத்தான் சொல்றேன். அவ குடிக்கட்டும்.”

தாழ்வாரம் முழுக்க ஆண்களும் பெண்களுமாக இருந்தார்கள். எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். எங்கள் வீட்டில்கூட மாமனார் இருக்கும் பக்கம் நான் வாயில் எதையும் வைத்ததில்லை. கைப்பிள்ளையை என் கணவரிடம் கொடுத்தேன். துப்பட்டியை முகத்திலிருந்து விலக்கினேன். மூடியில் ஊற்றிக் குடித்தேன். சூடு நாக்கைச் சுட்டது. ஒரு மூடி குடித்து நிறுத்தினேன்.

“இன்னொண்ணு,” என்றாள்.

குடித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் மூச்சு விடுவதைப் பார்த்தாள். என் வயிற்றைப் பார்த்தாள். பிள்ளை சிணுங்கியது. “இரு,” என்றாள். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. கஞ்சியின் மேல் ஆடை கட்டிவிட்டது.

பிறகு அவள் வாளியைத் தன் பக்கம் இழுத்தாள். தான் ஒரு வாய் குடித்து, கொஞ்சம் காத்திருந்தாள். அதற்குப் பிறகுதான் பிள்ளையின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, மூடியை அதன் உதட்டில் வைத்தாள்.