கதவு நசுங்கிய கொழுந்து லொறி

பள்ளிக் கண்காட்சிக்காகத் தெமோதரை ரயில் ஸ்டேஷனையும் பக்கத்து மலையையும் சின்னதாக எங்கள் சாப்பாட்டு மேசையில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

குட்டி ரயில் கடையில் கிடைத்தது. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி எங்கும் கிடைக்கவில்லை. தீப்பெட்டி அளவு வெளிநாட்டுப் பால் லொறி ஒன்றை இணையத்தில் வாங்கி, அதன் பால் தாங்கியை அறுத்துவிட்டு, தேநீர் வடிகட்டியின் வலையில் அடைப்புக் கட்டிப் பச்சை பூசினேன். பழைய போட்டோவில் எங்கள் தோட்டத்து லொறியின் கதவு நசுங்கியிருந்தது. அதையும் விடவில்லை.

இன்று பதுளை பஸ்ஸில் அதை உள்ளங்கையில் வைத்து ரசித்துக்கொண்டிருந்தபோது, அந்த லொறியை ஓட்டும் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அட, நம்ம லொறி!"

எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவரோ கதவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், இந்த நசுங்கல எடுத்துருங்க. தேயிலை ஸ்டோர் மதில்ல நான்தான் இடிச்சேன். தொரைக்குத் தெரியாம தட்டி நிமித்திட்டேன்."

சனிக்கிழமை எங்கள் பள்ளிக் கண்காட்சியைத் திறந்துவைக்க வருவது தோட்ட மேனேஜரான அதே தொரைதான்.

அந்த நசுங்கலுக்கு எனக்கு மூன்று நாள் பிடித்தது. நிமிர்த்த மனம் வரவில்லை.

"அந்தக் கதவ மலைப் பக்கமா திருப்பி நிப்பாட்டிடுறேன் அண்ணே" என்றேன்.

தொரைக்குத் தமிழ் வாசிக்க வராது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். கண்காட்சிக்கு வருகிறவர்கள் லொறியைத் தாராளமாகப் பாராட்டுங்கள். கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க மட்டும் வேண்டாம்.