கடல் தொட்டியின் நடுப்பலகை

என் அலமாரியின் அடித்தட்டில் ஒரு பிளாஸ்டிக் பலகை கிடக்கிறது. ஒரு முழ உயரம், அதைவிடக் கொஞ்சம் குறைந்த அகலம். ஒரு காலத்தில் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது, இப்போது பழுப்பேறிவிட்டது. காய்ச்சிய கம்பியால் போட்ட துளைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒரு வரிசை மட்டும் கோணல். அது நான் போட்டது. மற்றவை பதுளைக் கடைவீதியில் கண்ணாடி வெட்டி விற்ற முஸ்லிம் பெரியவர், எல்லோரும் நானா என்று கூப்பிட்டவர், போட்டவை. இரண்டு தடவை வீட்டார் இதைக் குப்பையில் போட்டார்கள். இரண்டு தடவையும் நான் போய்த் திரும்ப எடுத்து வந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பதுளையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கண்காட்சிக்குக் கடல் மீன் தொட்டி வைக்கப்போகிறேன் என்று நான் கிளம்பியபோது அதிபரே சிரித்தார். மலைநாட்டில் கடலா என்றார். ஊருக்குச் சொன்ன காரணம்தான் கண்காட்சி. உண்மையான காரணம் என் அக்கா. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து, அம்மா இல்லாத என்னை வளர்த்து, மாஸ்டர் ஆக்கியவள் அவள். தோட்டத்து ஆட்களை இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்ததில், அவள் புருஷன், என் மச்சானின் பெயரோடு அவளுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. எனக்கோ இந்த நாட்டுப் பிரஜாவுரிமை. ரயிலில், எங்கள் பேச்சில் கோச்சியில், தலைமன்னார், அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல். அவள் கடலைப் பார்த்ததே இல்லை. "கண்ணால பார்க்காத தண்ணியில எப்பிடி தம்பி ஏறுறது?" என்று நாலைந்து தடவை கேட்டுவிட்டாள். போக மாட்டேன் என்று சொல்ல வழியில்லாதவளுக்கு அந்தப் பயத்தை மட்டுந்தான் சொல்ல முடிந்தது. அவள் புறப்படுவதற்குள் ஒரு பெட்டியளவு கடலையாவது காட்டிவிட வேண்டுமென்று எனக்கு வெறி பிடித்தது.

மட்டக்களப்பிலிருந்து கருவாடு ஏற்றி வரும் லொறிக்காரர் கேன்களில் கடல் தண்ணீரும், வரி போட்ட மூன்று சின்ன மீன்களும், ஒரு நண்டும் கொண்டுவர ஒப்புக்கொண்டார். இரும்புச் சட்டத்தில் மக்குப் பசை அப்பிச் செய்கிற வழக்கமான தொட்டி உப்புக்கு நிற்காது என்றார் நானா. அப்போதுதான் கொழும்பிலிருந்து வரத் தொடங்கியிருந்த சிலிக்கோன் பசையால் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டினார். பூசும்போது புளித்த வினாகிரி வாசம் மூக்கைத் துளைத்தது. அந்த வாசம் முழுக்கப் போகும்வரை ஒரு மீனைக்கூட விட விடமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தொட்டி கல்லுப்போல் நின்றது. வில்லங்கம் நடுப்பலகையில்தான் வந்தது. நண்டு மீனைத் தின்னாமலிருக்க ஒரு தடுப்பு வேண்டும். இன்னொரு தொட்டிக்குக் கண்ணாடி இல்லை. அதே பசையால் துளை போட்ட பிளாஸ்டிக் பலகையை ஒட்டினோம். காய்ந்ததும் நானா ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தார். வாழைப்பழத் தோலாட்டம் உரிந்து வந்தது. இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கும் கெட்டிப் பசையைப் பார்த்தோம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒட்டி, கறியுப்புத் தண்ணீர் நிரப்பிப் பார்த்தோம். மூன்று நாள் நின்றது. நாலாம் நாள் காலையில் பலகை தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்தது. பசை கண்ணாடியை விடவில்லை, பிளாஸ்டிக்கைத்தான் விட்டிருந்தது.

அக்கா புறப்பட ஒன்பது நாள்தான் இருந்தது. நான் நானாவிடம் கத்தினேன். கடையில் ஆள் இருக்கிறதென்றும் பார்க்கவில்லை. இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவர் பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டு, "மாஸ்டர், பகல்ல வெயில் பட்டா பிளாஸ்டிக் வளருது, ராவுல குளிருக்குச் சுருங்குது. கண்ணாடி அசையாது. ரெண்டையும் சேர்த்து இறுக்கினா ஒண்ணு விட்டுத்தான் போகும்," என்றார். பிறகு விரலகலத்தில் கண்ணாடித் துண்டுகள் வெட்டி, தொட்டியின் சுவரில் இரண்டிரண்டாக ஒட்டி, நடுவில் சந்து விட்டார். பலகையை அந்தச் சந்தில் இறக்கினார். பிளாஸ்டிக்கில் ஒரு பொட்டுப் பசை இல்லை. ஒரு தும்பு அளவு இடத்தையும் கூடுதலாக விட்டிருந்தார். இவ்வளவு லேசான வேலைக்கா இத்தனை நாள் என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கண்காட்சி நாளில் அக்கா நல்ல சேலையில் வந்தாள். யாரும் பார்க்காத நேரத்தில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். "மெய்தான் தம்பி, உப்புத்தான்." வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நடுவுல எதுக்கு பலகை?" என்றாள். சொன்னேன்.

"ரெண்டு பக்கமும் ஒரே தண்ணிதானே?"

"ஆமாக்கா. அந்த ஓட்டை வழியா போய்வரும்."

"மீனு?"

"போகாதுக்கா."

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பக்கத்தில் நின்ற நானா, ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடியைத் திரும்பத் துடைத்தார்.

திங்கட்கிழமை கோச்சி போனது. மீனும் நண்டும் அதே லொறியில் கடலுக்கே திரும்பின. தொட்டி நானாவின் கடையில் காலியாகக் கிடந்தது. இரண்டு மாதங்கழித்து அக்கா யாரிடமோ சொல்லி எழுதுவித்த கடிதம் வந்தது. "கடல் உன் தொட்டியை விடக் கொஞ்சம் பெரிசுதான். நான் பயப்படவில்லை. அந்தப் பலகையை எடுத்துவிட்டாயா?" நானாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தொட்டியைக் கை காட்டினார். "தூக்குங்க மாஸ்டர், வரும்." தூக்கினேன். சத்தமில்லாமல் வந்தது. எடுத்துவிட்டேன் அக்கா என்று அன்றைக்கே எழுதிப் போட்டேன்.

எப்போது வருகிறாய் என்று, அக்கா உயிரோடு இருந்தவரைக்கும், ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டாள். முதலில் வேலை, பிறகு யுத்தத்தால் கப்பல் நின்றது, அதற்கும் பிறகு என் சோம்பல். நான் போகவேயில்லை. நானாவும் இன்று இல்லை. என்னால் எடுக்க முடிந்தது இந்த ஒரு பலகைதான். இதோ, அடித்தட்டில் கிடக்கிறது.