எல்லாம் மாத்தணம்

என் அண்ணா பிச்சுமணி கொச்சி மட்டாஞ்சேரியில் டாக்ஸி ஓட்டினார். வண்டி பழைய கறுப்புக் கார், சொந்த வண்டி. வேறு யாரையும் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார். துடைப்பதற்குக்கூட என்னிடம் துணியைத் தந்ததில்லை.

1959-இல் வெலிங்டன் தீவில் ஒரு தேயிலை ஆபீஸ் மாத வாடகைக்குக் கார் கேட்டது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டி அங்கே நிற்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள் வைத்துக்கொள்வார்கள். வியாழனன்றே அண்ணா வண்டியைச் சுடலைமுத்துவின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். கோவிலுக்குப் போக நானும் பின்சீட்டில் இருந்தேன். சுடலைமுத்து திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"முன் ஸ்பிரிங்கிலே ஒரு சத்தம். பிரேக்குக்கும் சுகமில்லை. எல்லாம் மாத்தணம், கேட்டயா?" என்றார் அண்ணா.

"மாத்திருவோம், சாமி."

நாற்பது ரூபாய் ஆகும் என்று அண்ணா நினைத்திருந்தார். சனிக்கிழமை மாலை சுடலைமுத்து தமிழில் எழுதித் தந்த கணக்குச் சீட்டோடு வந்தார். அவருக்கு மலையாளம்தான் வாசிக்க வரும். நாலாம் கிளாஸோடு நின்ற எனக்கு அம்மா தமிழ் சொல்லித் தந்திருந்தாள். வாசித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு.

"இன்னொரு தடவை வாசி."

மூன்றாம் தடவை வாசித்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தார். நான் வாசல் கேட் அருகில் நின்றேன்.

"புது ஸ்பிரிங், புது பிரேக்கெல்லாம் ஆரு வாங்கச் சொன்னா?"

"சாமிதான மாத்தச் சொன்னிய?"

"சத்தத்தைன்னா மாத்தச் சொன்னேன்!"

"சத்தத்த எந்தக் கடையில போயி வாங்க?"

எனக்குப் புரிந்துவிட்டது. மலையாளம் கலந்த எங்கள் வீட்டுத் தமிழில் ஜுரம் விட்டால் 'மாறியாச்சு' என்போம். வைத்தியர் அதை 'மாத்திக் கொடுத்தார்' என்போம். சுடலைமுத்துவுக்கு மாற்றுவது என்றால் பழசைக் கழற்றிப் புதுசைப் போடுவது. அண்ணாவின் காதில் மெல்லச் சொன்னேன். அவர் காரை இரண்டு சுற்று சுற்றி வந்தார்.

"பழசையே போட்டுடு."

"ரெண்டு நாளாவும், சாமி. திங்கக்கிழமைக்கு ஆவாது. எங் கூலி வேண்டாம். ஆனா சாமான் நூத்தறுவது ரூவா, எர்ணாகுளம் கடைக்கு நாமதான பதில் சொல்லணும்."

அண்ணா கையில் இருந்த நாற்பதைக் கொடுத்தார்.

"மீதிக்கு ஒண்ணு செய்யுங்க. பகல்ல ஆபீசுக்கு ஓட்டுங்க. சாயங்காலம் சாவியை எங்கிட்ட தாங்க. போட் ஜெட்டிச் சவாரி அடிச்சுக் கழிச்சுக்கிடுதேன்."

அண்ணா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த பழைய ஸ்பிரிங்கைக் காலால் தள்ளினார். அப்புறம், "சரி" என்றார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வண்டி தீவில் நின்றது. மாலை ஆறு மணிக்குச் சாவி கைமாறியது. அண்ணா வீட்டுக்குள் வரவேயில்லை. பஜார் வழியாக ஜெட்டி வரை போய்த் திரும்பி வந்தார்.

"அம்மிணி, ஆறு பேரை ஏத்தியிருக்கான்," என்றார். "பின்னாலே மட்டும் நாலு."

"காப்பி தரட்டுமா?" என்றேன்.

அதற்குள் மறுபடி தெருமுனைக்குப் போய்விட்டார்.