பேச்சு அறுந்தால் உட்கார வேண்டும்

முதலில், சிரித்தால் வலித்தது. புதூர்நாட்டு மலைமேட்டில், சாமை விளைவிக்கிற குப்பு அக்கா ஏதோ கேலி செய்ய, நான் சிரிக்க, வலது விலாவில் சுருக்கென்றது. சுளுக்கு என்று தைலம் தடவிக்கொண்டு நடந்தேன். சாமைப் பயிரில் முனைவர் பட்ட ஆய்வு. நான்கு ஊர்களின் அறுவடையையும் ஒரே பருவத்தில் நானே பார்த்துவிட வேண்டும் என்ற வெறி. ஆராய்ச்சி செய்கிற உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

மாலைதோறும் காய்ச்சல் வரத் தொடங்கிய பிறகே ஜீப் பிடித்துத் திருப்பத்தூர் இறங்கினேன். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் ப்ளூரசி (நுரையீரல் உறையில் நீர் கோத்தல்) என்றார். காரணம் காசநோய். விலா இடுக்கில் ஊசி செலுத்தி நீரை எடுத்தார்கள். வைக்கோல் ஊறிய தண்ணீரின் நிறம். பிறகு தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து) ஊசி, கைநிறைய மாத்திரை. வலி போனதும் நிறுத்திவிடாதீர்கள். எனக்கு ஒன்றரை வருடம் என்றார்கள். ஒன்றரை வருடமும் விழுங்கினேன்.

அடுத்த அறுவடையைத் தவறவிட்டால் ஆய்வு இன்னொரு வருடம் தள்ளிப்போகும். மலைக்குப் போகலாமா என்று டாக்டரை நச்சரித்தேன்.

"ஏறலாம்மா, பேசிக்கிட்டே ஏறுங்க. பேச்சு அறுந்தா உட்காந்துடணும். அன்னிக்கு வேலை அதோட சரி."

நான்கு ஊரை ஒன்றாகக் குறைத்தேன். ஆய்வேடு மெலிந்துவிடுமே என்றார் பேராசிரியர். நானும்தான் மெலிந்துவிட்டேன் சார் என்றேன். சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

காலையில் வயல். மதியம் படுக்கை. வெயில் தாழ்ந்ததும் கொஞ்சம் எழுத்து. விளக்கு வைத்தபின் புத்தகத்தைத் தொடுவதில்லை. முதலில் படுக்கையில் கால் பரபரத்தது. ஆனால் முன்பெல்லாம் களைப்பில் ஒரே கதிரை இருமுறை எண்ணுவேன், அது நின்றது.

குப்பு அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். என்னைவிடச் சற்றே மூத்தவள். டாக்டர் சொன்னதைச் சொன்னதுதான் தாமதம், மேடு முழுக்கக் கேள்வியாகக் கேட்டாள். நான் கொஞ்சம் மௌனமானால், "இன்னாம்மே, கீறியா, பூட்டியா?" என்பாள்.

அறுவடையன்று மேகம் கூடியது. மரச்சட்டம் போட்டுக் கதிர் எண்ண வேண்டிய இடங்களில் இரண்டே மீதி. நிற்கிற பயிரில்தான் எண்ண முடியும். அவை இருந்த குப்பு அக்காவின் மேல்வயலுக்கு வேகமாக ஏறினேன். "அக்கா, அந்த..." அடுத்த சொல் வரவில்லை.

குப்பு அக்கா அரிவாளுடன் திரும்பிப் பார்த்தாள். "மழ வந்தா மணி கொட்டிப்பூடும். அறுத்துடட்டா?"

அவளுக்கு அது வருடச் சோறு. எனக்கு இரண்டே இடம், எட்டிப் பிடிக்கிற தூரம். உட்கார்ந்து, தலையை ஆட்டினேன்.

ஆய்வேட்டின் அட்டவணையில் அந்த இரண்டு கட்டங்களும் காலி. வாய்மொழித் தேர்வில் காரணம் கேட்டார்கள். அன்றைய மூச்சு அவ்வளவுதான் என்றேன். பட்டம் கிடைத்தது.

நுரையீரல் உறை தடித்துவிட்டதால், ஆழ மூச்சிழுத்தால் வலப்பக்கம் இன்னும் பிடிக்கிறது. மேடுகளைப் பேச்சால் அளக்கிறேன். குப்பு அக்கா நாத்தனாரைத் திட்டி முடிப்பதற்குள் மேல்வயல் வந்துவிடும். போன வாரம் அந்தத் திட்டு முழுவதையும் கேட்டேன். பாதி மேட்டில் சிரித்தேன். விலா இழுத்தது, வலிக்கவில்லை.