முள்காட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி

நான் கறுப்பு வெள்ளையில் மட்டும்தான் படம் எடுப்பேன். "கலர்ல எடுத்தா கேமரா கோவிச்சுக்கிடுமோ?" என்பாள் என் மனைவி. நிறம் போன பிறகு ஓர் இடத்தில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கும் ஆசை எனக்கு. அதை அவளுக்கு இன்றுவரை விளங்க வைக்க முடியவில்லை.

புன்னைக்காயலில் ஆறு கடலில் சேரும் இடத்துச் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க இயந்திரம் வரப்போவதாகப் பேச்சு. அரசு வரைபடத்தில் அங்கிருந்த கண்டல் என்னும் அலையாத்தி மரங்களையும் சேர்த்து முள்காடு என்றே குறித்துவிட்டார்கள். கண்டல் வேர்களுக்கிடையே நண்டு பிடித்துப் பிழைக்கும் அக்கா ஒருவர், கண்டலை விட்டுவிடக் கேட்கும் மனுவோடு வைக்க என்னிடம் படம் கேட்டார்.

காற்று அசையாத ஒரு காலைக்குக் காத்திருந்து, இலை இலையாகத் தெரியும்படி எடுத்துக்கொண்டு போனேன். அக்கா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார், எல்லாம் ஒரே சாம்பலால்லா இருக்கு. முள்ளு எது, கண்டல் எதுன்னு எனக்கே தெரியல. காத்தடிக்கையில எடுங்க."

படம் எடுக்க எனக்கே பாடமா என்று சுருக்கென்றது. "இலை ஆடினா படம் கலங்கிரும்க்கா" என்றேன்.

"கலங்கட்டும். கண்டல் இலைக்கு அடிப்பக்கம் வெள்ளை. புரண்டாத்தான தெரியும்?"

காற்று எப்போது நிற்கும் என்று ஆயுசு முழுக்கக் காத்துக் கிடந்தவன் நான். மறுநாள் பிற்பகல் கடல்காற்று எழும்பியதும் படகிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அடேயப்பா, கண்டல் முழுக்க வெள்ளையாகப் பொங்கியிருந்தது. முள்காடு கறுப்பாகவே நின்றது. அக்காவிடம் காட்டக்கூடப் பொறுமையில்லை. அச்சிட்டு நேராக இயந்திரம் அனுப்பும் அலுவலகத்துக்கு ஓடினேன்.

அதிகாரி படத்தை வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு வெள்ளையின் ஓரமாகவே பென்சிலால் கோடு இழுத்தார். "கறுப்பை மட்டும் எடுத்தா போதும்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சொன்னபடியே செய்தார்கள். வேலை முடிந்து போய்ப் பார்த்தபோது கண்டல் அப்படியே இருந்தது. அக்கா மட்டும் தூக்குவாளியோடு வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்தார்.

"இங்கன முள்ளுக்கு நடுவுல ஒத்தக் கண்டல் நின்னுது சார். அதுலதான் கஞ்சியத் தொங்கப் போடுவேன். ஒங்க படத்துல அது விழலியா?"

விழுந்திருந்தது. அத்தனை கறுப்புக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. கண்ணை உறுத்துகிறதே என்று, அச்சுக்குக் கொடுக்குமுன் கணினியில் நான்தான் அதைக் கறுப்பாக்கியிருந்தேன்.

வெட்கத்தை விட்டு அதை அவரிடம் சொன்னேன். அவர் தூக்குவாளியைத் தரையில் வைத்தார்.